மாதம் 21 மாத்திரை: மனையை விற்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. பால்போசிக்ளிப், லெட்ரோசோல் மாத்திரைகளும் எலும்புக்கு ஊசியும் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் உட்பட மாதம் 32,000 ரூபாய் ஆகிறது. என் சம்பளம் 70,000. டெபாசிட் 9 லட்சம், ஆபீஸ் குரூப் பாலிசி 5 லட்சம். ஊரிலுள்ள மனையை விற்றுவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: இப்போது வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்தாலே புரோக்கர் விலையை இறக்கிவிடுவார்.

முதலில் மருந்துச் சீட்டை எடுங்கள். பால்போசிக்ளிப்பின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதன்பின் பல கம்பெனிகள் அதே மருந்தை மிகக் குறைந்த விலைக்குத் தருகின்றன. சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால், "இதற்கு ஜெனரிக் வாங்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே லட்சங்களை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு நிறுவனம் நடத்தும் அம்ரித் மருந்தகத்திலும் விலை விசாரியுங்கள்.

தள்ளுபடி கிடைக்கிறதே என்று மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு, பிறகு ரத்தப் பரிசோதனை. வெள்ளையணு குறைந்தால் டாக்டர் 125 மில்லிகிராமை 100 ஆக்குவார், சிலருக்கு 75. வாங்கி வைத்த ஸ்ட்ரிப் அலமாரியிலேயே கிடக்கும்.

குரூப் பாலிசியில் அம்மா பெயர் இருக்கிறதா? இருந்தாலும் பெரும்பாலும் அட்மிஷன் ஆனால்தான் பணம். இதுவோ வீட்டில் விழுங்கும் மாத்திரை. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி ஓரல் கீமோதெரபியை, அதாவது வாய்வழி எடுக்கும் புற்றுநோய் மருந்தை, அடியோடு விலக்க முடியாது, உச்சவரம்பு வைக்கலாம். உங்கள் மாத்திரை அதில் அடங்குமா, எவ்வளவு வரை என்று எச்.ஆர். மூலம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலை மாறும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். அம்மாவுக்குப் புதிய பாலிசி கிடைப்பது அரிது.

ஆபீஸில் யாராவது 80டிடிபி, அதாவது புற்றுநோய் போன்ற நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான வருமான வரிக் கழிவு பற்றிச் சொல்லியிருப்பார்கள். 60 வயது தாண்டியவருக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். உங்கள் 8.4 லட்சத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை. இதற்காக மாறினால் நஷ்டம்தான்.

பாலோமா-2 ஆய்வில் இந்த இரு மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் இரண்டு ஆண்டுக்கு மேல் கட்டுக்குள் இருந்தது. நான் மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுவேன். இன்றைய செலவில் 11.5 லட்சம், ஜெனரிக்குக்கு மாறினால் வெகுவாகக் குறையும். டெபாசிட்டை ஒரே மூச்சில் உடைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி சிறு டெபாசிட்டுகளாகப் பிரித்துப் போடுங்கள். மீதியைச் சம்பளம் தாங்கும்.

மனை அடுத்த கட்டத்துக்கு. இந்த மாத்திரை கேட்காமல் போனால் வரும் மருந்துகள் சில மிகவும் விலை கூடியவை. அப்படி ஒரு மருந்தான டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை நீக்கியும் அது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இப்போதே எடுத்துவையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், மாற்றும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.