பையில்லாத சட்டை

அன்புள்ள ஐயா,

அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கேபிள் பதித்த நீராவிக் கப்பல்களைப் பற்றி வாசித்து வருகிறேன். பொறியாளர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே என்ன வேலை? கேபிள் தன் எடையில் தானாகவே இறங்கிவிடுமே? சம்பளம் எவ்வளவு?

கே.

அன்புள்ள கே.,

சம்பளத்தை விடுங்கள். ‘தானாகவே’ என்று எழுதினீர்களே, அதைத்தான் தாங்கமுடியவில்லை.

1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் மூன்று இரும்புத் தொட்டிகள். குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் உறை, மின்சாரம் கசியாமல் காப்பது, கெடாமலிருக்க, கேபிள் தண்ணீருக்குள் சுருண்டு கிடக்கும். தொட்டியின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஆட்கள் கையால் அடுக்கியது. வெளியே விடும்போது ஒவ்வொரு சுற்றையும் தொட்டிக்குள் நிற்பவன் விலக்கிவிட வேண்டும். அடிச்சுற்று சேர்ந்து கிளம்பினால் தொலைந்தது. 1866 ஜூலை 18 நள்ளிரவு தாண்டி அதுதான் நடந்தது. கப்பலை நிறுத்தி, பின்முனை கேபிளைவிட்டு விலகாமல் எஞ்சினைச் சமாளித்துக்கொண்டு, மழையில் சிக்கலைக் கையால் பிரித்தார்கள். இதற்குப் பெயர் தானாகவா?

இந்த ஆட்களுக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். 1865-இல் பயணம் தொடங்கியதுமே பழுது. கேபிளைக் கப்பலின் பின்முனையில் வெட்டி, முன்முனைக்குக் கொண்டுபோய், பத்து மைலுக்கு மேல் திரும்ப இழுத்துப் பார்த்தால், இரண்டு அங்குலக் கம்பித் துண்டு ஒன்று உறையைத் துளைத்து, உள்ளே மின்சாரம் ஓடும் செம்புவரை போயிருந்தது. சில நாளில் இன்னொன்று. இரண்டு முறையும் தொட்டியில் அதே குழு. போதாதா? சதி என்றார்கள், காவல் போட்டார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி மூன்றாவது பழுதை இழுக்கும்போது கேபிளே அறுந்து சுமார் 2,000 பாகம் (பாகம் என்பது ஆறடி) ஆழத்துக்குப் போனது. தொட்டியில் மிச்சமிருந்த கேபிளைச் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கவசத்தில் பத்து எஃகுக் கம்பிகள், மேலே மணிலா நார். கம்பி நொறுங்கும் ரகம். முறிந்த முனை நார் வழியே வெளியே நீட்டும், மேலே கிடக்கும் சுருள்களின் பாரம் அதைப் பக்கத்துச் சுற்றுக்குள் ஊசிபோல் இறக்கிவிடும். குற்றவாளி கம்பிதான், கூலிக்காரன் அல்ல.

அடுத்த ஆண்டு துத்தநாகம் பூசிய, வளைந்துகொடுக்கும் கம்பி போட்டார்கள். சரி. கூடவே தொட்டி ஆட்களுக்கு முதுகுப்பக்கம் கட்டும், பையே இல்லாத கித்தான் உடுப்பையும் மாட்டினார்கள், கம்பித் துண்டை ஒளித்துவைக்க இடமில்லாதபடி. காரணம் தெரிந்த பிறகும்! பாதுகாப்பு ஏற்பாடு என்று இதைப் பாராட்டி யாராவது எழுதியிருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

தொடர்ந்து வாசியுங்கள். பொறியாளர்களின் கதையை இறக்கி வைத்துவிட்டு, 1865 கம்பிக்கும் 1866 கம்பிக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தொடங்குங்கள்.