மந்திரக்கோல் ஏன் வெடித்தது?

கேள்வி: காற்றில் முறிந்து விழுந்த ஒரு கிளையைச் சீவி, எட்டு வயது மகளுக்கு மந்திரக்கோல் செய்து கொடுத்தேன். ஆளிவிதை எண்ணெயும் பூசினேன். மூன்றே வாரத்தில் கைப்பிடியில் நீளவாக்கில் வெடிப்பு விட்டுவிட்டது. நுனி ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. எண்ணெயோ இன்னும் கையில் ஒட்டுகிறது. இதைச் சரிசெய்யலாமா, புதிதாகச் செய்வதா?

பதில்: புதிதாகவே செய்யுங்கள். உங்கள் கைவேலையில் குறையில்லை. பச்சை மரத்தை, அதுவும் முழுக் கிளையாக எடுத்ததுதான் சிக்கல்.

மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையங்களை ஒட்டிய சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிளையின் நட்டநடுவில் ஓடும் மென்மையான நடுத்தண்டைச் சுற்றி மரம் முழு வட்டமாக இருந்தால் அந்த இழுவிசைக்குப் போக்கிடம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் தீரும். நுனி வளைந்ததற்கும் கிளைதான் காரணம். சாய்ந்து வளர்கிற கிளையில் மேல்பக்க மரமும் கீழ்ப்பக்க மரமும் ஒன்றுபோல இருப்பதில்லை, காயும்போது ஒன்று மற்றதை இழுக்கும்.

அதனால் அடுத்த முறை மணிக்கட்டுப் பருமனாவது உள்ள, கணு இல்லாத கட்டையாக எடுங்கள். அதை ரம்பத்தால் அறுக்காமல் கத்தியை வைத்துத் தட்டி நான்காகப் பிளந்துகொள்ளுங்கள். பிளவு நாரை ஒட்டியே போகும். ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும், அப்படி வெட்டுப்பட்ட இடத்தில்தான் மெல்லிய கோல் பட்டென்று ஒடியும். நடுத்தண்டுப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, வேண்டியதைவிடத் தடிமனாகவே உருளையாகச் சீவி வையுங்கள். ஈரம் வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். இரண்டு முனைகளிலும் மெழுகை உருக்கித் தடவி, நிழலில் வைத்துவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. இந்தப் பொறுமை இல்லையென்றால், தச்சரிடம் உலர்ந்த துண்டுமரம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

அளவு உங்கள் விருப்பம். குழந்தைக் கைக்கு 30 செ.மீ. நீளம் போதும். நுனியை மட்டும் 8 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். குச்சியின் விட்டம் பாதியானால் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். நுனி மொழுக்கென்று உருண்டையாக இருக்கட்டும். மந்திரம் எப்படியோ, கண்ணில் குத்தக்கூடாது.

உப்புத்தாளில் 120, 180, 240 என்று படிப்படியாகப் போங்கள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்). 240 தேய்த்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் நார் சிலிர்த்து எழும்பும். காய்ந்தபின் அதே தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பிசுபிசுப்பு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, அடியில் ஈரமாகவே நின்றுவிடும். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. பழைய கோலை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தால் ஒட்டுவது பெரும்பாலும் போய்விடும். அதன் வெடிப்பில் இப்போதே பசை ஊற்றாதீர்கள், எடை நிலைக்கும்வரை அது இன்னும் விரியும். வளைவு இருந்துவிட்டுப் போகட்டும், மந்திரக்கோலுக்குக் கோணல் ஒரு அழகுதான்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.