தீயணைப்பு வண்டி ஏன் பிந்துகிறது?

கேள்வி: நகரங்களிலேயே தீயணைப்பு வண்டி பிந்துகிறது என்கிறார்கள். அப்படியென்றால் கிளிநொச்சிக்கு உள்ளே குளக்கட்டோரம் இருக்கும் எங்கள் பாடு என்ன?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: அழைப்பை எடுத்து இடத்தை விளங்குவது, ஆட்கள் ஏறிப் புறப்படுவது, ஓடி வருவது என நேரம் மூன்று இடங்களில் போகிறது. அழைப்புகள் கூடும்போது கிட்ட உள்ள வண்டி வேறெங்கோ நிற்கும். அடுத்தது தூரத்திலிருந்து வர வேண்டும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது வண்டி யாழ்ப்பாணத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

தீயணைப்புச் சேவையின் 110ஐ அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: ஏ9 வீதிக் கிலோமீற்றர் கல், சந்தி, ஒழுங்கை. பிறகு என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, காஸ் சிலிண்டர் உண்டா. அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்க வேண்டாம். ஒருவர் டோர்ச்சுடன் சந்தியில் நிற்கட்டும். மெயின் சுவிட்ச் எரியும் பக்கம் இல்லையென்றால் மட்டும் அதை நிறுத்துங்கள்.

தண்ணீர்தான் பலர் யோசிக்காத விஷயம். வண்டியில் உள்ள 4,000 லீற்றர் தாங்கி நிமிடத்துக்கு 1,000 லீற்றர் அடித்தால் நாலு நிமிடத்தில் காலி. உறிஞ்சும் பம்ப் ஏழு மீற்றருக்குக் கீழே தண்ணீரை நம்பி எடுக்காது, ஆகவே கோடையில் வற்றிய ஆழக் கிணறு உதவாது. பாரவண்டி இறங்கக்கூடிய, கரை இறுகிய குளத்தோரம் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். மூன்றரை மீற்றர் அகலமில்லாத ஒழுங்கையில் வேலிக் கிளைகளை வெட்டுங்கள். கிடுகுக் கொட்டிலுக்கு வண்டியை நம்பிப் பயனில்லை. ஆட்களை வெளியே எடுத்து, பக்கத்துக் கூரையை நனையுங்கள்.

எரிகாயத்துக்கு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.