பிடரியில் காற்று பட்டால் படகை இறக்காதீர்கள்

கேள்வி: இரண்டு வருடமாக விடுமுறைகளில் ஏரியில் கயாக் ஓட்டுகிறேன். நன்றாக நீந்துவேன். இப்போது கடலில் இறங்க ஆசை. ஏரி மாதிரி அலையில்லாமல் கிடக்கும் காலை நேரமாகப் பார்த்து, கரையை ஒட்டியே போனால் ஆபத்தில்லைதானே? கயாக் வாங்கலாமா, கனூ வாங்கலாமா? ஒன்பது வயது மகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: அந்த ‘அலையில்லாத’ கடலிலிருந்தே தொடங்குகிறேன். கரையில் நின்று பார்க்கும்போது கடல் கண்ணாடி மாதிரி கிடந்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். காற்றே இல்லாமல் இருக்கலாம். அல்லது காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது வகை நாளில், கரையிலுள்ள மரங்களும் மேடும் காற்றை மறைப்பதால் ஓரத்துத் தண்ணீர் மட்டும் சாதுவாக இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் அந்த மறைப்பு விலகிவிடும். அப்புறம் காற்றும் கூடும், அலையும் கூடும், இரண்டும் சேர்ந்து உங்களை வெளியே தள்ளும்.

புதிதில் நானே இதில் மாட்டியிருக்கிறேன். மீன்கூட்டம் ஒன்று துள்ளியதைப் பார்த்துத் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். திரும்பிப் பார்த்தால் கரையில் நின்றவர்களின் முகம் மறைந்து சட்டை நிறம் மட்டும் தெரிந்தது. போவதற்கு இருபது நிமிடம். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல். விரல் வலிக்கிறதே என்று துடுப்பை நிறுத்தினால், கஷ்டப்பட்டுக் கடந்த தூரத்தைப் படகு திருப்பிக் கொடுத்துவிடும். அன்றைக்கும் கரையோரம் அலையே இல்லை.

அதனால் இறங்குவதற்கு முன் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் பட்டால் அலை கொஞ்சம் இருக்கும், ஆனால் ஏதாவது ஆனால் அதுவே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். பிடரியில் பட்டால் அன்றைக்குப் படகை இறக்காதீர்கள். அடிவாரத்தில் நிற்கிறீர்கள் என்றால் மேலே மர உச்சியையும் கொடியையும் பாருங்கள், கீழே காற்றே தெரியாது. காலை நேரம் என்று நீங்கள் யோசித்தது தவறில்லை. விடியற்காலையில் நிலக்காற்று பெரும்பாலும் மெலிதாகத்தான் வரும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று தொடங்கி மதியத்துக்குமேல் வலுக்கும். பிடரியில் படுவது இலை லேசாக அசையும் அளவு நிலக்காற்றுதான் என்றால் மட்டும், எழுந்து நிற்கக்கூடிய ஆழத்தில் கரைக்கு இணையாக ஓட்டலாம். வெளியே மட்டும் போகவேண்டாம்.

வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் 10 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு), அதாவது மணிக்கு சுமார் 18 கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தால் முதல் வருடத்தில் வீட்டிலேயே இருங்கள். அந்த வேகத்தில்தான் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்கும். புதியவர் ஒருவர் அமைதியான நீரில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போவார். எதிர்காற்றில் பலருக்கும் அது பாதியாகிவிடும்.

ஏரியில் இல்லாத இன்னொன்று ஏற்றவற்றம். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் கடற்கரைகளில், ஒரு ஏற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். தண்ணீர் சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு, மூன்றாவது நான்காவது மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. ஆக, நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது. நீரோட்டமும் அநேகமாக அப்போதுதான் கடுமை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் கூடும். இரண்டு நாட் வேக நீரோட்டம் என்றால் மணிக்கு 3.7 கிலோமீட்டர், உங்கள் வேகத்தையே கிட்டத்தட்ட விழுங்கிவிடும். முகத்துவாரங்களில் வற்றும் நேரத்தில் வெளியேறும் நீரும் உள்ளே வரும் அலையும் முட்டிக்கொண்டு செங்குத்தாக எழும். பார்க்க அழகாக இருக்கும், கிட்டே போகாதீர்கள்.

சரி, படகு. கனூவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மேலே திறந்தது, பக்கம் உயர்ந்தது. காற்றுக்குப் பாய்மரம் மாதிரி நிற்கும், அலைக்கு வாய் திறந்து கொடுக்கும். தேர்ந்தவர்கள் காற்றுப்பை கட்டிக் கடலில் ஓட்டுகிறார்கள், அது வேறு கதை. கயாக்கில் இரண்டு ஜாதி. ஒன்று கட்டுமரம் போல மேலே உட்காருவது; கவிழ்ந்தாலும் உள்ளே நீர் நிறையாது. உங்களுக்கு இதுதான் சரி. இன்னொன்று உள்ளே கால் நீட்டி உட்காருவது. அதில் நீளமான கடல் கயாக்குகளுக்கு முன்னும் பின்னும் நீர்புகாத தடுப்பு அறைகள் இருக்கும். ஏரியில் வாடகைக்குக் கிடைக்கும் மூன்று மீட்டர், அகல வாய்க் கயாக்கில் பெரும்பாலும் இருப்பதில்லை. அது கவிழ்ந்தால் நூறு இருநூறு லிட்டர் நீரைச் சுமக்கும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதைக் கடலில் நீங்கள் காலி செய்ய முடியாது. நீங்கள் இதுவரை ஓட்டியது அதுதான் என்றால் அதைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள்.

எதை வாங்கினாலும் முதல் பாடம் விழுவது. இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழுங்கள். படகு தலைகீழாகிவிட்டால் குறுக்கே கைநீட்டி மறுபக்க விளிம்பைப் பிடித்து, உடல் எடையைக் கொடுத்துப் புரட்டுங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று, உடம்பை நீர்மட்டத்துக்கு மிதக்கவிட்டுக் கால்களை உதைத்து, வயிறு இருக்கைக்கு மேல் வரும்வரை வழுக்கி ஏறுங்கள். உடனே எழ முயலாதீர்கள், பெரும்பாலானவர்கள் திரும்ப விழுவது அங்கேதான். மூச்சு வாங்கிக்கொண்டு, புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே இழுங்கள். வயிறு, பின்பக்கம், கால்: வரிசை இதுதான். கால் எட்டாத நீரில், இரண்டு ஆள் பக்கத்தில் இருக்கும்போது, களைத்த பிறகும் ஐந்து முறை ஏற முடிகிறதென்றால் கடலுக்குத் தயார். ஒரு நாள் பயிற்சியாளரிடம் காசு கொடுத்துக் கற்றால், அடுத்தவரைக் காப்பாற்றவும் சேர்த்துக் கற்றுக்கொள்ளலாம். தனியாக மட்டும் போகாதீர்கள்.

நன்றாக நீந்துவேன் என்கிறீர்கள். நல்லது, ஆனால் காற்று படகைத் தள்ளும் வேகத்துக்கு நீந்திப் பிடிப்பது கடினம். விழுந்தால் படகையோ துடுப்பையோ விடக்கூடாது. கரை பக்கம்தானே என்று படகை விட்டு நீந்தவும் கூடாது. மிதக்கும் படகு தூரத்திலிருந்து தெரியும், தலை தெரியாது. துடுப்புப் போடுபவர்களுக்கென்று 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) மிதப்புச் சட்டை இருக்கிறது, கையை வீச இடைஞ்சல் இல்லாதது. அதைப் படகில் வைக்காமல் உடம்பில் போட்டு வாரை இறுக்குங்கள். நீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் வெயில் அடித்தாலும் வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) வேண்டும். குளிர்நீரில் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், நீந்தத் தெரிந்தவர்களும் அப்போது மூழ்கிவிடலாம். அந்த நிமிடத்தில் எதையும் செய்யாமல் மிதந்து மூச்சை அடக்குங்கள்.

செல்போனை நீர்புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டுங்கள். படகிலுள்ள பெட்டியில் வைத்தால் படகு போகும்போது அதுவும் போகும். சட்டையில் விசில். கடலில் பேசப் பயன்படும் கையடக்க விஎச்எஃப் ரேடியோ இருந்தால் அவசர அழைப்புக்கு 16-ஆவது சானல். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வெளியே இழுபட்டால், கை ஓய்ந்த பிறகு உதவி கேட்கலாம் என்று இருக்காதீர்கள். கேட்ட உதவி வந்து சேர நேரம் ஆகும்.

மகளை இந்த வருடம் கடலுக்கு வேண்டாம். அவளுக்கும் விழுந்து ஏறும் பாடத்தை முதலில் நீச்சல் குளத்திலோ ஏரியிலோ கற்றுக்கொடுங்கள். குழந்தைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு மிதப்புச் சட்டை வாங்கும்போது அளவு பெரிதாக எடுக்காதீர்கள். போட்டுவிட்டு இரண்டு தோள் வாரையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது அவளுக்குப் பெரிது.