இராணுவத்தில் அதிகாரிகளை ஆள் சேர்க்கும் வேலைக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வி: டிகிரி முடித்த என் தம்பிக்கு இராணுவத்தில் அதிகாரிகளை ஆள் சேர்க்கும் வேலைதான் வேண்டுமாம். யூடியூப்பில் ஓர் அமெரிக்கர் பேசியதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. மலேசியாவில் அப்படி ஒரு வேலை இருக்கிறதா? அதில் முன்னேற்றம் உண்டா?

பதில்:

தங்கச்சி, வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கென்று நேராக மனு போட முடியாது. தம்பி முதலில் அதிகாரியாக வேண்டும். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பிரிவுக்கு மாற்றினால் போகலாம். மாற்றாமலே சர்வீஸ் முடிந்தும் போகலாம்.

நான் மேஜராக ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது அதே ஊர்ப் பட்டணத்தில் இருக்கிறேன். இடையில் ஆள்சேர்ப்பில் ஒரு போஸ்டிங் பார்த்திருக்கிறேன்.

தம்பி பார்த்தது அமெரிக்கக் கதை. அங்கே ஆள்சேர்ப்பு ஒரு தனித் தொழில். சார்ஜெண்ட் ஒருவர் அதிலேயே நிரந்தரமாகத் தங்கி ஓய்வு பெறலாம். தலைக்கு மேல் டார்கெட் தொங்கும். பிரிட்டன் 2012-இல் தரைப்படை ஆள்சேர்ப்பின் பெரும்பகுதியைக் கேப்பிட்டா என்ற தனியார் நிறுவனத்திடமே கொடுத்தது. நம் நாட்டில் யூனிட்டிலிருந்து ஆளை எடுத்துச் சில காலம் அங்கே வைத்திருப்பார்கள். பிறகு திரும்ப யூனிட்டுக்கு. மனுவெல்லாம் இப்போது ஆன்லைனில் போய்விடுகிறது. அப்படியானால் அந்த அதிகாரிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பேச்சுதான் வேலை. பல்கலைக்கழகம், ஆறாம் படிவப் பள்ளி, கல்விக் கண்காட்சி என்று போய், யார் எந்த வாசல் வழியாக வர முடியும் என்று விளக்குவது.

இந்த வாசல் விஷயத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் குழம்புகிறார்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துச் சிப்பாயாகச் சேர்ந்தால் போர்ட் டிக்சனில் அடிப்படைப் பயிற்சி. அது ஒரு வழி. அதிகாரியாக வேண்டும் என்றால், சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில், அதாவது உப்னமில், கடேட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து பட்டத்தையும் பயிற்சியையும் ஒன்றாக முடிக்கலாம். 1995-இல் இராணுவ அகாடமியாக இருந்த இடம், 2006-இல் பல்கலைக்கழகமானது. உங்கள் தம்பி மாதிரி வெளியே பட்டம் வாங்கியவர்கள் பட்டதாரி கடேட்டாக வரலாம். பலாபெஸ் என்ற சேமப் படை அதிகாரிப் பயிற்சி வேறு. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மூன்று வருஷம் பயிற்சி எடுத்தால் லெப்டினன் மூடாவாக, அதாவது இரண்டாம் லெப்டினனாகத் தவுலியா (அதிகாரி நியமனம்) கிடைக்கும். ஆனால் அது வத்தானியா போன்ற சேமப் படைக்கு. பலாபெஸ் தொப்பியோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டதும் "எங்க மகன் ஆர்மி ஆபீசர்" என்று தோட்டமே பேசும். நிரந்தரப் படைக்கு அவன் மறுபடி தனியாகத் தேர்வுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

இன்னொன்று, "நம்ம ஆளை எடுக்க மாட்டாங்க அண்ணே." இதைக் கேட்காத ஊர் இல்லை. அரச மலாய் ரெஜிமெண்ட் 1933-இல் தொடங்கிய நாளிலிருந்து மலாய்க்காரர்களுக்கானது, அது உண்மை. ஆனால் அது படையில் ஒரு பகுதி. ரேஞ்சர், பீரங்கிப் படை, பொறியாளர் படை, சமிக்ஞைப் படை, கடற்படை, விமானப் படை எல்லாம் எல்லாருக்கும் திறந்தவை. 1967-இல் நம் கடற்படையின் முதல் மலேசியத் தளபதியானவர் தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. இதைச் சொன்னால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்பாமார்கள் மட்டும், "அது அந்தக் காலம்" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேலே போகப் போக நம் முகங்கள் குறைவுதான். அதை மறைத்துப் பேசுகிற ஆள்சேர்ப்பு அதிகாரியை நான் மதிப்பதில்லை. இரண்டாவது வருஷமே அந்தப் பையன் உண்மையைக் கண்ணால் பார்த்துவிடுவான். அப்புறம் அவன் தம்பி வர மாட்டான்.

உண்மையான வேலை வீட்டுக்குள் நடக்கிறது. தோட்டப்புறத்தில் பையனை இழுப்பது பெரிய காரியமில்லை. அம்மாவையும் பாட்டியையும் தாண்டுவதுதான் பாடு. எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த வட்டாரத்தில்தான். அதன் பிறகு அவசரகாலம், 1960 வரை. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று கேட்டு வளர்ந்த பாட்டிக்கு, பச்சைச் சட்டை என்றால் லயத்துக் கதவை நள்ளிரவில் தட்டியவன். நான் யூனிஃபார்மில் போனால் டீ கொடுப்பார்கள், பேச மாட்டார்கள். சாதாரணச் சட்டையில் போய், இன்ன தோட்டத்துப் பால்மரம் வெட்டியவர் மகன் என்று சொன்ன பிறகுதான் பேச்சு வரும்.

வந்தால் நிற்காது. ஒரு தாயார் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"மாடு சாப்பிடச் சொல்லுவாங்களாய்யா?"

"நான் இத்தனை வருஷம் தொட்டதில்லைமா."

"தீபாவளிக்கு வீட்டுக்கு விடுவாங்களா?"

"சில வருஷம் விடுவாங்க. சில வருஷம் டூட்டி இருக்கும்."

"பேரை, சாமியை மாத்தச் சொல்லுவாங்களா?"

"என் பேரும் என் சாமியும் அப்படியேதான் இருக்குமா."

சம்பளத்தைப் பற்றி அந்த அம்மா கேட்கவே இல்லை. கண்காட்சியில் நாங்கள் அடித்துக் கொடுக்கிற காகிதத்தில் சம்பளமும் சலுகையும்தான் முதலில் இருக்கும். அதை எழுதியவர்கள் தோட்டத்துக்கு வந்ததில்லை போலும்.

ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு அதிகாரம் அதிகம் என்று தம்பி நினைத்தால், அதையும் இப்போதே கலைத்துவிடுங்கள். யாரை எடுப்பது என்று முடிவு செய்வது தேர்வுக் குழு. மருத்துவம், உடல் தகுதி, எழுத்து, நேர்முகம், எதிலும் நம் கை நீளாது. நிறக்குருடு என்று தெரிந்த நல்ல பையனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவனுக்கு அதுவரை அது தெரியாது. இந்த இடைவெளியில்தான் ஏஜண்டுகள் நுழைகிறார்கள். "உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தா போதும்" என்பார்கள். இராணுவத்தில் சேரக் காசு கிடையாது. கேட்டால் அவன் ஏமாற்றுக்காரன். அப்படிக் கொடுத்த குடும்பங்கள் போலீசுக்குப் போகவும் வெட்கப்படுகின்றன.

இனி எதிர்காலம். பதவி உயர்வு வேண்டும் என்றால் ஆள்சேர்ப்பில் நீண்ட நாள் உட்காரக் கூடாது. கேப்டன், மேஜர் காலத்தில் கம்பெனி என்ற படைப்பிரிவை நடத்தியது, கோர்ஸ்களில் தேறியது, ஸ்டாஃப் காலேஜ் போனது, இவைதான் லெப்டினன் கர்னல் ஆக்கும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசியது ஆக்காது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதனால் விரும்பிக் கேட்டுப் போனேன். பிடிக்காத நண்பர் ஒருவர் நாளை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டுப் போனார். அவர் இன்று என்னைவிடப் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆனால் வெளியே வந்த பிறகு கணக்கு மாறுகிறது. காட்டில் பேட்ரோல் நடத்தியதை நேர்முகத்தில் விளக்குவது கஷ்டம். ஆட்களைத் தேடி, வடிகட்டி, குடும்பத்தோடு பேசிச் சம்மதிக்க வைத்தேன் என்றால் எந்த மனிதவளப் பிரிவுக்கும் உடனே புரியும். தோட்ட நிறுவனங்கள், தொழிற்சாலைகள், பாதுகாப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படுகிறது. ஓய்வுக்கு முன்பு, முன்னாள் படைவீரர் விவகாரக் கழகமான பெர்ஹெபாட் மூலம் பயிற்சி எடுக்க வழி உண்டு. மனிதவளத்தில் ஒரு சான்றிதழையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. இராணுவத்தில் ஓய்வு சீக்கிரம் வருவதால் இரண்டாவது வேலை எல்லாருக்கும் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

தம்பிக்கு நான் சொல்வது இதுதான். பட்டதாரி கடேட்டுக்கான அடுத்த விளம்பரம் எப்போது வருகிறது என்று படையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்க்கட்டும். வயது வரம்பை முதலில் பார்க்கட்டும், பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். மலாய் மொழி எஸ்பிஎம் தாளில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், பேச்சில் தடுமாறினால் இப்போதே சரிசெய்ய வேண்டும். கண் பரிசோதனையைக் கிளினிக்கில் முன்கூட்டியே செய்துகொள்ளட்டும், நிறப் பரிசோதனையும் சேர்த்து. பல் சொத்தை இருந்தால் அடைத்துவிடட்டும். ஆள்சேர்ப்பு ஆசையை நேர்முகத்தில் முதல் பதிலாகச் சொல்ல வேண்டாம். படையை நடத்த வந்தேன் என்று சொல்பவனைத்தான் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தேடுகிறார்கள்.