டொயோட்டா 2சி டீசல் எஞ்சின் ஒயில் கசிவு: கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

வணக்கம். கினிகத்தேனையில் இருந்து ஹட்டனுக்கு ஏறி வந்து நிறுத்தினால் கியர்பாக்ஸ் பக்கம் ஒயில் சொட்டுகிறது, கராஜில் கிரேங்க் தண்டின் பின்பக்க ஒயில் சீல் என்று சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த சீலாகவும் இருக்கலாம். ஆனால் கியர்பாக்ஸை இறக்கும் வேலை அது, கூலியே பெரிது. அவசரப்படாதீர்கள்.

ஒயில் மேலே கசிந்து கீழேதான் சொட்டும். அதனால் முதலில் எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் காய விடுங்கள். பிறகு ஒரு ஏற்றம் ஓட்டிவிட்டு, டோர்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். எஞ்சினின் மேல் மூடிக்கு (டெப்பட் கவர்) அடியில் இருக்கும் கெஸ்கட் பழசானால் ரப்பர் கல்லாகிவிடும், நகத்தால் அழுத்தினாலும் பதியாது. புதிது போடும்போது போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம், கவர் வளைந்துவிடும்.

நான் முதலில் சந்தேகப்படுவது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் வாக்கும் பம்பின் ஒயில் ஹோஸ்களைத்தான். பலர் அங்கே பார்ப்பதே இல்லை. வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். ஒயில் வரும் ஹோஸ் அறுந்தால் எஞ்சின் ஒயில் வெளியே போய்விடும். பிரேக்குக்கு வாக்கும் கொடுப்பதும் அந்தப் பம்ப்தான். வாக்கும் இல்லாமல் நம்ம இறக்கங்களில் பிரேக் பெடல் கல் மாதிரி ஆனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம், எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திருகாமல் சும்மா வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் மூடியைத் தூக்கி எறிந்தால், அந்தக் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த சீல் போட்டாலும் மறுபடி கசியும்.

இவ்வளவும் சரி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுசிங் அடியில் மட்டும் ஈரம் என்றால் கராஜ்காரர் சொன்னது சரிதான். இறக்குகிற கையோடு கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள்.