முறுக்குக்கு வரி விலக்கு குடுத்தா யாருக்கு லாபம்? வரி கேள்வி-பதில்

இந்த வாட்டி வந்த கேள்வில பாதி ஒரே மாதிரி, அதனால சேர்த்துட்டேன். வழக்கமா சொல்றத முதல்லயே சொல்லிடுறேன்: ரேட்ட மட்டும் பாக்காதீங்க, எது மேல போடுறாங்கன்னு பாருங்க. கட்டுறவர் வேற, சுமக்குறவர் வேற.

இன்க்ரிமென்ட் வாங்கினா 20 லட்சம் தாண்டிடும், 25% ஸ்லாப், வேணாம்னு சொல்லிடவா? (கோட்டையூர்)

வாங்குங்க. 25% தாண்டின பணத்துக்கு மட்டும்தான், மொத்தத்துக்கும் இல்ல. புது ரெஜிம்ல (புது வரி முறைல) 50,000 கூட வந்தா, வரி மேல போடுற வரியான செஸ்ஸோட 13,000 போகும், 37,000 கையில நிக்கும். இத எத்தன தடவ எழுதிட்டேன். உண்மையிலயே சிக்கல் இருக்குறது 12 லட்சத்துல. அது வரைக்கும் ரிபேட்ல வரி சைபர், அதத் தாண்டினா மார்ஜினல் ரிலீஃப் (தாண்டின தொகைய விட வரி கூடக் கூடாதுங்கிற சலுகை), அதாவது சுமார் 12.7 லட்சம் வரைக்கும் கூட சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாப் போயிடும். நல்ல வரில இப்படி ஒரு பள்ளம் இருக்கக் கூடாது.

எங்க கோயில்ல எல்லாருக்கும் ஒரே புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு ஒரே தொகை), சண்டையே இல்ல. அரசாங்கமும் ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கினா என்ன? (தேவகோட்டை)

நல்ல கேள்வி. கூட சம்பாதிச்சாலும் புள்ளி வரி ஏறாது, அதனால அது யாரோட உழைப்பையும் கெடுக்காது, கணக்குப் பாக்குற செலவும் கிடையாது, அந்த வகைல அத மிஞ்சின வரி இல்ல. ஆனா லேவாதேவிக்காரருக்கும் கடைல கணக்கு எழுதுறவருக்கும் ஒரே தொகைன்னா யாருக்கு வலிக்கும்? கோயில்ல அது ஓடுதுன்னா, எல்லாரும் பங்காளி, வசதி உள்ளவங்க திருப்பணிக்குத் தனியா அள்ளிக் குடுக்குறாங்க. இங்கிலாந்துல தாட்சர் இதே மாதிரி தலைவரிய 1990ல கொண்டு வந்தாங்க, லண்டன்ல கலவரமே வந்துச்சு, அந்த வருஷ நவம்பர்ல பதவிய விட்டுப் போனாங்க, 1993ல வரியும் போச்சு.

முறுக்கு, சீடை, அதிரசம் போட்டு விக்கிறோம். 12%ல இருந்து 5% ஆனது பத்தாது, குடிசைத் தொழிலுக்கு முழு விலக்கு வேணும்னு மனு எழுதப் போறோம், நீங்களும் கையெழுத்துப் போடணும். (காரைக்குடி)

ஆச்சி, போட மாட்டேன். டர்ன்ஓவர் என்னன்னு நீங்க எழுதவே இல்ல. 40 லட்சத்துக்குக் கீழனா, வெளி மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பாதவரைக்கும், உங்களுக்கு ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷனே வேணாம், பேச்சு அங்கயே முடிஞ்சது. அதுக்கு மேலனா கணக்குப் போட்டுப் பாப்போம்.

1 லட்ச ரூபா சரக்கு விக்கிறீங்க, 5,000 வரி வசூல் பண்றீங்க. அதுக்கு எண்ணெய், நெய் ஒரு 40,000னு வைங்க, 5%ல 2,000 வரி. பிளாஸ்டிக் கவர், டப்பா 10,000, அது 18%, அதனால 1,800. ஆக நீங்க ஏற்கெனவே 3,800 கட்டியாச்சு, அதக் கழிச்சு கவர்மென்ட்டுக்குக் கட்டுறது வெறும் 1,200. இப்ப விலக்கு வந்துருச்சுன்னு வைங்க. 5,000 வசூல் பண்ண வேணாம், சரி, ஆனா அந்த 3,800ஐ கழிக்கவும் முடியாது, அது உங்க அடக்க விலைல ஏறி உக்காந்துக்கும். அப்ப நெசமா குறையுறது 1,200 தான். 2 லட்சத்துக்கு முறுக்கு பிழியிற மெஷின் வாங்கினா அதுல 36,000 வரி, அதுவும் திரும்பி வராது.

இதுல எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். விலக்குன்னு சொன்னதும் கை தட்டுறோம், அது இன்னொரு எடத்துல மறைஞ்சு நிக்கிற வரின்னு யாரும் பாக்குறதில்ல. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் இன்ஷூரன்ஸ், லைஃப் இன்ஷூரன்ஸுக்கு 18% எடுத்தாங்கள்ல, அதுவும் இதே கதைதான்: ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் வாடகைக்குக் கம்பெனி கட்டுற வரிய இனிமே கழிக்க முடியாது, அப்ப பிரீமியம் முழு 18% எப்படிக் குறையும்? விலக்கு வேற, சைபர் ரேட் வேற. சிங்கப்பூருக்குப் பலகாரம் அனுப்பினா, அந்த எக்ஸ்போர்ட் தான் சைபர் ரேட், அதுல வாங்கின பொருளுக்குக் கட்டின வரி ரீஃபண்டா வந்துரும். இன்னொண்ணு, உங்களுக்கு விலக்கு குடுத்தா நாளைக்கு ஊறுகாக்காரர் வருவார், அப்புறம் அப்பளக்காரர், பேஸ், அதாவது வரி விழுற பரப்பு, சுருங்க சுருங்க மிச்சம் இருக்குறவங்க ரேட் ஏறும். ரேட்ட மட்டும் பாக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். மனு எழுதுறதா இருந்தா கவர், டப்பாவோட 18%ஐக் குறைங்கன்னு எழுதுங்க, அதுல கையெழுத்துப் போடுறேன்.

பரம்பரைச் சொத்துக்கு நம்ம நாட்டுல வரியே இருந்ததில்லையே, இப்பவாவது போடலாமே? (பள்ளத்தூர்)

கேக்குறதுக்கு முன்னாடி பெரியவங்க யாரையாவது விசாரிச்சிருக்கலாம். எஸ்டேட் டூட்டின்னு 1953ல வந்து 1985 வரைக்கும் இருந்துச்சு, உச்ச ரேட் 85%. வசூல் கடைசில வருஷத்துக்கு சுமார் 20 கோடி, பிடிக்கிற செலவுக்கே கட்டலன்னு எடுத்துட்டாங்க. நேர்மையான வரிதான், நான் எதிர்க்கல. ஆனா நம்ம ஊர் வீட்டப் பாருங்க, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளம், பங்கு 30 பேருக்கு, சாவி ஒருத்தர்கிட்ட, ரொக்கம் யார்கிட்டயும் இல்ல. மதிப்பு போடுறது ஒரு கஷ்டம், கட்டப் பணம் எங்கன்றது அடுத்த கஷ்டம். கையில காசு வர்ற நேரத்துல கேக்குற வரிதான் வசூலாகும்.

ரேட்டக் குறைச்சா வசூல் கூடும், சரியா? (ஆத்தங்குடி)

எங்க நிக்கிறீங்கன்றதப் பொறுத்து. 1973-74ல இன்கம்டாக்ஸ் உச்சம் 97.75%, அங்க இருந்து குறைச்சா யாரும் நஷ்டப்பட மாட்டாங்க. 1997ல கானாடுகாத்தான்காரர் சிதம்பரம் நிதி மந்திரியா இருந்து ஸ்லாப்ப 10, 20, 30%ன்னு ஆக்கினதும் அந்த வழிதான். ஆனா 2019ல கம்பெனி வரிய 30ல இருந்து 22க்கு இறக்கினப்ப அந்த வருஷம் வசூல் 6.6 லட்சம் கோடில இருந்து 5.6க்கு விழுந்துச்சு, கொரோனா வர்றதுக்கு முன்னாடியே பொருளாதாரம் தொய்ஞ்சதும் ஒரு காரணம். ஒரே வரில பதில் கேக்காதீங்க.

பெட்ரோல்ல சென்ட்ரல் வாங்குற வரில 41% மாநிலங்களுக்குத் தானே வருது? (காரைக்குடி)

இல்ல. 41% பங்கு போடுற தொகுப்புக்குத்தான், செஸ், சர்சார்ஜ் அதுல சேராது. 2021 பட்ஜெட்டுக்கு அப்புறம் சென்ட்ரல் லிட்டருக்கு வாங்கின 32.90 ரூபால பங்குக்கு வந்த அடிப்படை எக்சைஸ் (கலால் வரி) 1.40 தான்.